வெளியூர் டியூட்டி போறவங்களுக்கு ஓட்டல் 'பாயிண்ட்' லாபமா? எந்த ஓட்டலில் எவ்வளவு தேறும்? கணக்கு இதோ...

சென்னை:-

மாசத்தில் பாதி நாள் வெளியூரிலேயே கழிக்கும் ஆட்கள் நம்ம ஊரில் ஏராளம். மருந்து கம்பெனி பிரதிநிதிகள், மெஷின் ரிப்பேருக்குப் போகும் சர்வீஸ் ஆட்கள், கடை கடையாக ஆர்டர் பிடிக்கும் சேல்ஸ்மேன்கள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

முன்பெல்லாம் இவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுதான் கதி. இப்போது பல கம்பெனிகள் பெரிய ஓட்டல் குழுமங்களின் நடுத்தர ஓட்டல்களில் ரூம் போட்டுக் கொடுக்கின்றன. அங்கே தங்கினால் ரூம் வாடகைக்கு ஏற்ப 'பாயிண்ட்' உண்டு. சேர்த்து வைத்தால் பிறகு இலவசமாக ரூம் எடுக்கலாம், அல்லது பில்லில் கழித்துக் கொள்ளலாம்.

விஷயம் என்னவென்றால், பெரும்பாலான ஓட்டல்களில் இந்த பாயிண்ட் தங்குகிறவர் பெயரில்தான் ஏறும். வாடகையை கம்பெனி கட்டினாலும் அப்படித்தான். ஆனால் உறுப்பினர் எண்ணைச் சொல்லாமலே சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அப்படி விட்ட பாயிண்ட் யாருக்கும் உதவாமல் போய்விடும்.

எப்போது வந்தது?

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. 1983-ல் ஹாலிடே இன் முதலில் தொடங்கியது. அதே வருஷம் மாரியட்டும் இறங்கியது. 1987-ல் ஹில்டன் வந்தது. பிரான்ஸ் நாட்டு அக்கார் குழுமம் 2008-ல் தன் பாயிண்ட் திட்டத்தை ஆரம்பித்தது. நொவோடெல், ஐபிஸ் எல்லாம் இந்தக் குழுமத்து ஓட்டல்கள்தான்.

இப்போது மாரியட் திட்டத்துக்கு 'பான்வாய்' என்று பெயர். ஹாலிடே இன் குழுமத்தின் திட்டம் 'ஐ.எச்.ஜி. ஒன் ரிவார்ட்ஸ்'. ஹில்டனுடையது 'ஹில்டன் ஹானர்ஸ்'. அக்கார் திட்டம் 'ஆல்'. நம்ம நாட்டு தாஜ், ஜிஞ்சர் ஓட்டல்களுக்கு டாடாவின் 'நியூபாஸ்' இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சேருவதற்கு காசு கிடையாது. போன் நம்பர், இ-மெயில் இருந்தால் போதும்.

20 ராத்திரி கணக்கு

எது லாபம் என்று பார்க்க ஒரு கணக்கு. ஒருவர் வருஷத்துக்கு 20 ராத்திரி தங்குகிறார். வரி இல்லாமல் ரூம் வாடகை ரூ.4,500. மொத்தம் ரூ.90 ஆயிரம். கணக்கு சுலபமாக இருக்க டாலருக்கு ரூ.90, யூரோவுக்கு ரூ.100 என்று வைத்துக் கொள்ளலாம். அப்படியானால் செலவு 1,000 டாலர் அல்லது 900 யூரோ.

மாரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி. மூன்றிலும் பெரும்பாலான ஓட்டல்களில் ஒரு டாலருக்கு 10 பாயிண்ட். எனவே மூன்றிலுமே 10 ஆயிரம் பாயிண்ட் கிடைக்கும். பார்க்க சமமாகத்தான் தெரியும். ஆனால் மதிப்பு சமம் இல்லை. பொதுவாக ஹில்டனிலும் ஐ.எச்.ஜி.யிலும் ஒரு இலவச ரூமுக்கு மாரியட்டைவிட அதிக பாயிண்ட் கேட்பார்கள். கைநிறைய சில்லறை இருந்தும் டீ குடிக்கப் போதாத கதை மாதிரி ஆகிவிடும்.

மதிப்பைக் கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. அந்த ரூமுக்கு வரியோடு சேர்த்து எத்தனை ரூபாய், எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, ரூபாயை பாயிண்டால் வகுக்க வேண்டும். அதே ரூ.4,500 ரூமுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ரூ.4,725 ஆகும். அதை 10 ஆயிரம் பாயிண்டுக்குக் கொடுத்தால் ஒரு பாயிண்ட் சுமார் 47 காசு. ரூ.90 ஆயிரம் செலவுக்கு ரூ.4,725 திரும்பியது, அதாவது 100-க்கு 5 ரூபாய் கால். அதே ரூமுக்கு 20 ஆயிரம் பாயிண்ட் கேட்டால் லாபம் பாதியாகிவிடும்.

இந்த விலை நிலையானதும் இல்லை. மாரியட் 2022-ல் பழைய நிரந்தர பாயிண்ட் பட்டியலை எடுத்துவிட்டது. கூட்டம் உள்ள நாளில் ஒரு விலை, காலியான நாளில் ஒரு விலை. கல்யாண சீசனில் பாயிண்டை எடுத்துக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது.

அக்கார் திட்டத்தில் குழப்பம் குறைவு. 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ கழிவு என்று நிரந்தரமாக இருக்கிறது. நொவோடெல் போன்ற ஓட்டல்களில் 10 யூரோவுக்கு 25 பாயிண்ட். 900 யூரோ செலவு செய்தவருக்கு 2,250 பாயிண்ட் கிடைக்கும். 2,000 பாயிண்டைக் கொடுத்தால் ரூ.4 ஆயிரம் மிச்சம். ஆனால் ஐபிஸ் ஓட்டலில் 10 யூரோவுக்கு பன்னிரண்டரை பாயிண்ட்தான். அதே 20 ராத்திரிக்கு 1,125 பாயிண்டோடு நின்றுவிடும். 2,000-ஐத் தொட இன்னும் ஒரு வருஷம் ஓட வேண்டும்.

நியூபாஸ் கணக்கு எல்லாருக்கும் புரியும். 1 நியூகாயின் என்றால் 1 ரூபாய். ஓட்டலில் தங்கிச் சேர்த்ததை டாடா நியூ செயலி வழியாக பிக்பாஸ்கெட் மளிகைக்கும், குரோமா கடையிலும் கழிக்கலாம். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போக நேரமே இல்லாதவருக்கு இது வசதி. பருப்பு, எண்ணெயாக வீட்டுக்கு வந்து சேரும்.

காலாவதி உஷார்!

பாயிண்டுக்கும் ஆயுசு உண்டு. மாரியட், ஹில்டனில் 24 மாசம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லை என்றால் மொத்தமும் போய்விடும். ஐ.எச்.ஜி.யில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாசம். அக்காரில் 365 நாள். எப்போதாவது பயணம் போகிறவருக்கு மாரியட்டும் ஹில்டனும் கொஞ்சம் அவகாசம் தரும்.

ஹில்டனில் இன்னொரு வசதி. வீட்டார், நண்பர்கள் என 11 பேர் வரை பாயிண்டை ஒரே கணக்கில் இலவசமாகச் சேர்த்துக் கொள்ளலாம். மாரியட்டில் பாயிண்ட் கொடுத்து தொடர்ந்து 5 ராத்திரி எடுத்தால் 4 ராத்திரிக்கான பாயிண்ட் மட்டும் போதும்.

ராத்திரிகளை எண்ணி அந்தஸ்தும் தருகிறார்கள். வருஷத்துக்கு 20 ராத்திரி தங்கினால் ஐ.எச்.ஜி.யில் 'கோல்டு' ஆகலாம். மாரியட்டில் 10 ராத்திரிக்கு 'சில்வர்', 'கோல்டு'க்கு 25 ராத்திரி. மாரியட் கோல்டு உறுப்பினருக்கு 25 சதவீதம் கூடுதல் பாயிண்ட் கிடைக்கும். ரூம் காலியாக இருந்தால் மதியம் 2 மணி வரை செக்-அவுட் நேரமும் தருவார்கள். ராத்திரி ரெயில் பிடிக்க வேண்டியவருக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயம்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

* மற்ற புக்கிங் வெப்சைட், செயலி மூலம் ரூம் போட்டால் பொதுவாக பாயிண்ட் கிடையாது. ஓட்டலின் சொந்த வெப்சைட்டில் போட வேண்டும். கம்பெனி ஆபீஸ் ரூம் போடுவதாக இருந்தால் உறுப்பினர் எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. கம்பெனி விதி இதற்கு இடம் தருகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளலாம்.

* பாயிண்ட் கணக்கில் ஜி.எஸ்.டி. சேராது. வரி இல்லாத தொகைக்குத்தான் பாயிண்ட். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரை உள்ள ரூமுக்கு வரி 5 சதவீதம்.

* போனில் கூப்பிட்டு ஆயிரக்கணக்கில் காசு கேட்டு விற்கும் சாப்பாட்டு தள்ளுபடி அட்டை வேறு, இலவச பாயிண்ட் திட்டம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

* 'உங்கள் பாயிண்ட் இன்று முடிகிறது' என்று லிங்க் வந்தாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ தொடவே கூடாது.

பேட்டா வாங்குகிறவர்களுக்கு...

ரூமை கம்பெனியே போட்டுக் கொடுத்தால் பாயிண்ட் சும்மா வருகிற லாபம். ஆனால் தங்கும் செலவுக்கு தினம் ரூ.2,500 என்று மொத்தமாக கையில் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அந்தப் பணத்தில் ரூ.2,500-க்கே பாயிண்ட் தரும் ஓட்டலில் தங்கினால், 100-க்கு 5 ரூபாய் கணக்கில் ரூ.125 மதிப்புதான் திரும்பும். சுத்தமான லாட்ஜில் ரூ.1,200-க்கு படுத்தால் ரூ.1,300 கையில் நிற்கும். 20 ராத்திரிக்கு ரூ.26 ஆயிரம். எந்த ஓட்டல் பாயிண்டும் இதற்குப் பக்கத்தில் வராது.

மொத்தத்தில் அடிக்கடி போகும் ஊர்களில் எந்த குழுமத்துக்கு ஓட்டல் இருக்கிறது என்று பார்த்து, ஒன்று அல்லது இரண்டு திட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். ஐந்தாறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதுவும் நிறையாமல் எல்லாம் காலாவதியாகும். அடுத்த முறை ரிசப்ஷனில் கையெழுத்து போடும்போது, 'என் நம்பரை ஏத்திட்டீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாயிண்ட் கைவிட்டுப் போகாது.