ஆடிக் காற்றும் கள்ளக் கர்க்கடகமும்

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த பழமொழிதான். இதே ஆடி மாசத்துக்கு மலையாளத்தில் கர்க்கடகம் என்று பெயர். அங்கே அம்மி எல்லாம் பறப்பதில்லை. "கள்ளக் கர்க்கடகம்" என்று மாசத்தையே திட்டுவார்கள். கொஞ்ச நேரம் வெயிலைக் காட்டி நம்பவைத்து, துணியைக் காயப்போட்டதும் கொட்டித் தீர்க்கிற திருட்டு மாசம். "பஞ்ஞக் கர்க்கடகம்" என்றும் சொல்வது உண்டு. பஞ்ஞம் என்றால் நம்ம பஞ்சமேதான். அடைமழையில் வேலைக்குப் போக முடியாது, பத்தாயத்தில் நெல்லும் இருக்காது.

ஒரே மாசத்தை ஒரு பக்கம் காற்று என்கிறது, இன்னொரு பக்கம் மழை என்கிறது. இரண்டுமே நிஜம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் முப்பது கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒரு வாசல் திறந்து கிடக்கிறது இல்லையா, பாலக்காட்டுக் கணவாய்? அதன் வழியாக மிச்சக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, கோயமுத்தூர் என்று பாய்ந்து வருகிறது. பூகோளப் பாடத்தில் இரண்டு பக்கம் படித்ததை இந்த இரண்டு சொலவடைகள் நாலு வார்த்தையில் முடித்துவிடுகின்றன.

எங்கள் ஊர் அந்த வாசலிலேயே இருக்கிறது. கேரளாவுக்குள், பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பேசுவது தமிழ், பஸ் போர்டு மலையாளம். பாலக்காட்டின் மேற்குப் பக்கம் நனைகிற மழையில் பாதிகூட எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பழமொழியும் புழக்கத்தில் இருந்தன. அம்மா அம்மியைப் பறக்கவிடுவாள், பக்கத்து வீட்டுச் சேச்சி கர்க்கடகத்தைத் திட்டுவாள். இப்போது நியூஜெர்ஸியில் உட்கார்ந்து மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போதுதான் இந்தப் பழமொழிகளின் சரித்திரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மி பறக்கும் என்றதும் அவள் கேட்டாள்: "அம்மிச்சியா? எப்படிப் பறப்பாங்க?" மிக்ஸி யுகத்துப் பிள்ளை, வேறென்ன கேட்பாள் :-)

முதலில் கொஞ்சம் எல்லைக் கதை. 1947-க்கு முன்னால் இந்தப் பக்கத்தில் மூன்று அரசாங்கங்கள் இருந்தன. பாலக்காடு, மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவுடையது. தெற்கே மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ம் தேதி கேரளா பிறந்தபோது மூன்றும் ஒன்றாயின. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடியும் கிடைக்கவில்லை. பின்னால் 1972-ல் இடுக்கி மாவட்டம் வந்தது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று சொல்லும்படி கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன. செக்போஸ்ட் போட்டு அரிசியை நிறுத்தினார்கள், எரிசாராயத்தை நிறுத்தினார்கள். பழமொழியை நிறுத்த யாராலும் முடியவில்லை.

நாம் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்கிறோம், அவர்கள் "காற்றுள்ளப்போள் தூற்றணம்" என்கிறார்கள். கணவாய்க் காற்று ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே போகும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும். களத்து மேட்டில் முறத்தோடு நின்றவனுக்கு எந்தப் பக்கக் காற்றாக இருந்தால் என்ன, பதர் பறந்தால் சரி. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதும் இரண்டு பக்கமும் உண்டு. இக்கரைக்கு அக்கரை பச்சையும் உண்டு (விசா வரிசையில் நின்ற நம் எல்லோருக்கும் மனப்பாடமான பழமொழி).

நமக்காகவே செய்த மாதிரி இன்னொன்று இருக்கிறது. பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டம் எனக்கு என்று உட்கார வேண்டும். மலையாளத்தில் "சேர தின்னுன்ன நாட்டில் சென்னால் நடுக்கண்டம் தின்னணம்" என்பார்கள். சேர என்றால் சாரைப் பாம்பு. "ரோமில் இருந்தால் ரோமானியனாக இரு" என்று வெள்ளைக்காரர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அதில் சிரிப்பு இல்லை. நம்முடையதில் போகிறவன் முகம் சுளிக்காமல் தின்பதோடு நிற்கவில்லை, நல்ல துண்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறான். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவன்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வீட்டிலேயே இருந்தவனுக்கு நடுத்துண்டத்தின் அருமை தெரியாது.

இவற்றை அச்சில் சேர்த்த கதையும் சுவாரசியமானது. பழமொழியைச் செய்யுளில் வைத்துப் பாடும் வழக்கம் நம்மிடம் பழசு. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வாய்மொழியை அப்படியே மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர்களில் பாதிரிமார்கள் முக்கியமானவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்த பீட்டர் பெர்சிவல் 1874-ல் ஆறாயிரத்துக்கும் அதிகமான தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். 1897-ல் ஹெர்மன் ஜென்சன், பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்பு போட்டார். மலையாளத்துக்கு ஹெர்மன் குண்டர்ட் என்ற ஜெர்மானியர். 1850-ல் தலச்சேரியில் ஆயிரம் பழஞ்சொற்களை அச்சேற்றியவர். இந்தியா வந்ததும் அவர் முதலில் கற்றது தமிழ், அப்புறம்தான் மலையாளம். (நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸேவுக்கு இவர் அம்மாவழித் தாத்தா.) பிரசங்கம் செய்ய ஜனங்களின் பேச்சு தெரியவேண்டும், அதற்காகச் சேர்த்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் மிச்சமானது நமக்கு லாபம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொஞ்ச வருஷங்களாக மின்னஞ்சலிலும் இப்போது வாட்ஸப்பிலும் ஒரு வியாதி பரவுகிறது. "இந்தப் பழமொழியின் உண்மையான அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பிக்கும். உங்களுக்கும் வந்திருக்கும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது தப்பாம், ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன் என்பதுதான் சரியாம். மூலிகை வேர்களைப் பற்றிய உயர்ந்த கருத்தாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலியைத் தாண்டி எட்டிப் பாருங்கள். மலையாளத்தில் "அரவைத்யன் ஆளைக் கொல்லும்" என்கிறார்கள். அங்கே வேரும் இல்லை, கொடியும் இல்லை. வடக்கே உருதுவில் "நீம் ஹக்கீம் கத்ரா-ஏ-ஜான்" என்பார்கள், அரைகுறை ஹக்கீம் உயிருக்கு ஆபத்து என்று. மூன்று மொழிக்காரனும் வைத்தியரைப் பார்த்து அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறான். நம் பழமொழி அவர்களை விட ஒரு படி மேலே போய், ஆயிரம் பேரை அனுப்பிவைத்த பிறகும் பாதி வைத்தியனாகத்தான் ஆகியிருக்கிறான், மீதிப் பாதிக்கு இன்னும் எத்தனை பேரோ என்கிறது. இதைத் திருத்தி மூலிகைப் பாடமாக மாற்றினால் கிடைப்பது அறிவுரை. போவது அந்தச் சிரிப்பு. காசு கொடுத்தும் பிழைக்காதவர்களின் சொந்தக்காரன் திண்ணையில் உட்கார்ந்து சிரித்த கசப்புச் சிரிப்பு அது. பழமொழிகளின் மீது எனக்குள்ள ஆசையே அதனால்தான். அரசாங்க ஆவணத்தில் ராஜா இருப்பார், ஜமீன்தார் இருப்பார், துரை இருப்பார். சாதாரண ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இந்த ஒற்றை வரிகள்தான் பல சமயம் சாட்சி. அதைச் சலவை செய்து இஸ்திரி போட்டால் சாட்சியே கலைந்துபோகும்.

செத்துப்போன சட்டம்கூட இதில் உயிரோடு இருக்கும். "காணம் விற்றும் ஓணம் உண்ணணம்" என்று கேரளாவில் சொல்வார்கள். காணம் என்பது ஜன்மியிடம் ஒரு தொகையைக் கொடுத்து நிலத்தை அனுபவிக்கும் பழைய முறை. குத்தகையும் அடமானமும் கலந்த மாதிரி. அந்த உரிமையை விற்றாவது ஓணத்துக்குச் சாப்பிட்டுவிடு என்கிறது பழமொழி. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறையே ஒழிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஆவணி மாசமும் காணம் என்ற சொல் சாப்பாட்டு இலைக்கு முன்னால் எழுந்து வந்துவிடுகிறது.

இனி மலைக்குப் போவோம். "ஆன கொடுத்தாலும் ஆச கொடுக்கருது" என்று ஒரு மலையாளப் பழமொழி. யானையையே தூக்கிக் கொடுத்தாலும் கொடு, ஆசை காட்டிவிட்டு ஏமாற்றாதே. மூணாறின் கதையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளை வாங்கிய பிறகு காடு தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமங்களில் கங்காணிகள் முன்பணத்தை நீட்டி ஆள் சேர்த்தார்கள். மலையேறிய பிறகு அந்தப் பணம் கடனாக நின்றது. இலங்கைக்கு ஆள் பிடித்தபோது காட்டிய ஆசை இன்னும் பிரசித்தம்: தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும். மலையகத் தமிழர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தோண்டிப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு.

மூணாறில் அந்த லயங்களிலிருந்து 2015 செப்டம்பரில் பெண்கள் வெளியே வந்தார்கள். போனஸ் குறைந்ததை எதிர்த்து, பெண்பிள்ளை ஒருமை (பொம்பிளை ஒருமை) என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. கொழுந்துக் கூடை எங்களுக்கு, பணப்பெட்டி உங்களுக்கா என்ற அர்த்தத்தில் அவர்கள் போட்ட கோஷங்கள் கேரளா முழுக்கக் கேட்டன. ஒன்பது நாளில் 20 சதவீதம் ஒத்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கோஷங்களின் கட்டுமானத்தைக் கவனித்தீர்களா? இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி, நடுவில் ஒரு குத்து. பழமொழியின் அதே எலும்புக்கூடு. நாலு வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர்களிடம் நாற்பது பக்க அறிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எல்லாமே நல்ல சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அண்டை வீட்டாரை நம்பாதே என்று எதுகைக்காகவே கட்டிய வசைகள் இரண்டு பக்கமும் உண்டு. நம்மவர்கள் மலையாளிகளைப் பற்றிச் சொல்வது ஒன்று, அவர்கள் "பாண்டி" என்று நம்மைச் சொல்வது ஒன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, குமுளி வழி அடைபட்டு, இடுக்கி ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழர்கள் குடும்பத்தோடு தேனிப் பக்கம் இறங்கினார்கள் இல்லையா, அப்போது அந்த வசைகள் என் மின்னஞ்சல் பெட்டிக்கு இரண்டு மொழியிலும் வந்து விழுந்தன. அனுப்பியவர்கள் யாரும் மலையில் இல்லை. எல்லோரும் நம்மைப் போல ஏசி அறையில் இருந்தவர்கள். நிலைமை தணிந்ததும் கம்பம், போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் திரும்ப ஜீப் ஏறி மலைக்குப் போனார்கள். ஏலக்காய் பழுத்தால் எடுத்தாக வேண்டும். அந்தப் பெண்களும் தோட்டக்காரர்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் தேவை.

பெண் புத்தி பின் புத்தி என்ற வகையறாவும் அப்படித்தான். அதற்கும் ஒரு "உண்மையான அர்த்தம்" சுற்றுகிறது, பின்னால் வருவதை முன்கூட்டியே அறியும் புத்தி என்று. வேண்டாங்க. அது கேலிதான். சொன்னவன் ஆம்பிளை என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடலாம். நம் முன்னோர்கள் புத்திசாலிகள், அதோடு சில விஷயத்தில் மோசமானவர்களும்கூட. இரண்டையும் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆகவே நான் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழமொழியைச் சொன்னால் அதில் வரும் பொருளையும் சொல்வது, யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்பதையும் சொல்வது. அம்மி என்றால் என்ன, முறம் என்றால் என்ன, பத்தாயம் எங்கே இருக்கும், பண்ணையார் யார், கங்காணி யார். ஐந்து நிமிஷம் போதும். நன்னெறி வகுப்பு நடத்துவதில்லை.

போன மாசம் மகளிடம் உள்ளூர் மாடு விலை போகாது என்றேன். மலையாளத்தில் இதையே எவ்வளவு அழகாக, "முற்றத்தே முல்லைக்கு மணமில்லா" என்கிறார்கள் என்றும் சொன்னேன். நம்மாள் சந்தையில் நின்று பேசுகிறான், அவர்கள் முற்றத்தில் நின்று பேசுகிறார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நீங்க விலை போறதுக்காகத்தான் இங்க வந்தீங்களா அப்பா?" என்றாள்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்.