விறகைத் தின்ற புகைபோக்கி

குளிர்நாட்டு வீட்டில் கணப்படுப்பே உயிர்காக்கும் துணை. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் அதுவே விறகுக்கு எமனாகவும் விளங்கிற்று. அகன்ற புகைபோக்கி வழியே அறையின் சூடான காற்று மேலேறிப் போய்விடும். அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்குகளில் குளிர்காற்று புகும். முன்னே அனல், பின்னே குளிர்! ஊர்ப்புறக் காடுகள் அழியவே விறகின் விலையும் ஏறிற்று.

இதற்கு மாற்றுக் கண்டவர் பிலடெல்பியா நகரத்துப் பெஞ்சமின் பிராங்கிளின். 1740களின் தொடக்கத்தில் அவர் அமைத்த இரும்பு அடுப்பில், புகை நேரே வெளியேறுவதில்லை. காற்றுப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி, பின்புறமாகக் கீழிறங்கி, தன் வெப்பத்தை அதற்கு ஈந்த பின்னரே புகைபோக்கியை அடையும். பெட்டியில் சூடேறிய காற்று அறையில் பரவும். இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் நகரும் தகடும் உண்டு. 1744இல் இதனை விளக்கி நூல் வெளியிட்ட அவர், பென்சில்வேனியா ஆளுநர் அளிக்க முன்வந்த தனியுரிமையை மறுத்துவிட்டார். பிறர் கண்டவற்றால் நாம் பயன் பெறுகிறோம். நாம் கண்டதும் பிறர்க்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

எனினும் குறை ஒன்று இருந்தது. கீழிறங்கிக் குளிர்ந்த புகைக்கு மேலேறும் வலு போதாமல், அது அறைக்குள்ளேயே திரும்பிற்று. பின்னர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் புகைக்குழாயின் அமைப்பை மாற்றி அதனைத் திருத்தினார். இழுப்பு மிகுந்தால் விறகு வீண். குன்றினால் வீடெல்லாம் புகை. இவ்விரண்டிற்கும் நடுவே நின்ற அளவைத் தேடிய முயற்சியே இவ்வடுப்பின் வரலாறு ஆகும்.