மலர் உறுப்பாக்கத்தின் ஏபிசி மாதிரி

பூக்கும் தாவரங்களில் எந்த மலர் உறுப்பு எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பதை மரபணுக்கள் முடிவுசெய்யும் முறையை விளக்குவது ஏபிசி மாதிரி. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸ் தாலியானாவிலும் ஆன்டிரைனம் செடியிலும் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் என்ரிகோ கோயன், எலியட் மெயரோவிட்ஸ் இருவரும் 1991இல் இதை முன்வைத்தனர்.

வட்டங்களும் மரபணுக்களும்

அரபிடாப்சிஸ் பூவில் வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு வட்டங்கள் உண்டு: 4 புல்லி இதழ்கள், 4 அல்லி இதழ்கள், 6 மகரந்தத்தாள்கள், 2 சூலக இலைகள் இணைந்த சூலகம். ஏ வகுப்பு மரபணுக்கள் (அபெட்டலா1, அபெட்டலா2) வெளியிரு வட்டங்களிலும், பி வகுப்பு (அபெட்டலா3, பிஸ்டில்லேட்டா) நடுவிரு வட்டங்களிலும், சி வகுப்பு (அகாமஸ்) உள்ளிரு வட்டங்களிலும் செயல்படுகின்றன. ஏ மட்டும் இயங்கினால் புல்லி இதழ், ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி இதழ், பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் இயங்கினால் சூலகம் உருவாகும். ஏ, சி வகுப்புகள் ஒன்றையொன்று தடுக்கும். ஒன்று செயலிழந்தால் மற்றது அதன் இடத்துக்கும் பரவும்.

சடுதிமாற்றச் சான்றுகள்

பி செயலிழந்த பூவில் அல்லி இதழுக்குப் பதில் புல்லியும், மகரந்தத்தாளுக்குப் பதில் சூலக இலையும் தோன்றுகின்றன. அகாமஸ் பழுதானால் மகரந்தத்தாள்கள் அல்லி இதழ்களாகின்றன. சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் மற்றொரு பூ தொடங்குகிறது. வளர்ச்சியை நிறுத்துவதும் அகாமஸின் பணி என்பதால் அடுக்குகள் மேலும் மேலும் பெருகுகின்றன. மூன்று வகுப்புகளும் செயலிழந்தால் இலை போன்ற உறுப்புகளே மிஞ்சும். மலர் உறுப்புகள் இலையின் மாற்றுருவங்கள் என்று 1790இல் கெத்தே எழுதிய கருத்துக்கு இது மரபியல் ஆதாரமானது.

விரிவாக்கங்கள்

செப்பல்லேட்டா மரபணுக்களில் மூன்று ஒருங்கே செயலிழந்தால் உள்வட்டங்களும் புல்லிகளாகிவிடும் என்று 2000இல் கண்டறியப்பட்டது. இவை ஈ வகுப்பு எனப்படுகின்றன. இம்மரபணுக்களில் அபெட்டலா2 தவிர மற்றவை மேட்ஸ் பெட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் புரதங்கள் நான்கு நான்காக இணைந்து டி.என்.ஏ.வைப் பற்றி, உறுப்பாக்கத்துக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன.

டூலிப் பூவின் முதல் வட்டத்திலும் பி வகுப்பு இயங்குவதால் அதன் வெளியிரு வட்டங்களும் வண்ண இதழ்களாகவே அமைகின்றன. அடுக்கு ரோஜாக்களில் சி வகுப்பின் செயற்பரப்பு சுருங்கியிருப்பதால் இதழ்கள் மிகுந்துள்ளன. பி, சி வகுப்புகளின் பணி பல தாவரக் குடும்பங்களில் மாறாதிருக்க, ஏ வகுப்பு அந்த அளவுக்குப் பொதுவானதாகக் காணப்படவில்லை.