நடையை அளந்தார்கள், நினைவை மறந்தார்கள்

எம்.எஸ்.னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு சுப்புலட்சுமி அம்மா ஞாபகம் வரும். இல்லேன்னா அமெரிக்காவுல போய்ப் படிக்கிற மேல்படிப்பு. இந்தப் பதிவு வேற எம்.எஸ். பத்தி: மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்பு இழைகளைச் சுத்தி மயலின்னு ஒரு உறை உண்டு, மின்சார வயருக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி. இந்த நோயில் உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்த உறையை அரிச்சுடுது. சேதி போறது தாமதமாகும், சில இடத்துல நின்னே போகும். கண் மங்கறது, கால் மரத்துப் போறது, நடை தள்ளாடறது எல்லாருக்கும் தெரிஞ்ச அறிகுறிகள். ஞாபக மறதியும் இதுல உண்டு. ஆனா அதை மருத்துவ உலகம் ஒத்துக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!

1868, பாரிஸ், சால்பெத்ரியேர் மருத்துவமனை. அங்கே இருந்த ஷார்க்கோ என்ற மருத்துவர், நோயாளிகளிடம் பார்த்த அறிகுறிகளையும், அவங்க இறந்த பிறகு மூளையில் தெரிந்த தழும்புகளையும் பொருத்திப் பார்த்து, இது ஒரு தனி நோய்னு விளக்கினார். நினைவு பலவீனமாகுது, எண்ணங்கள் மெதுவா உருவாகுதுன்னும் தன் விரிவுரைகளில் சொல்லியிருக்கார்.

ஆனா பாடப்புத்தகத்துல தங்கினது வேற மூணு விஷயம்: கண் ஆட்டம், கை நடுக்கம், துண்டு துண்டான பேச்சு. கண்ணுக்கும் காதுக்கும் எட்டினது நின்னுது, எட்டாதது போச்சு.

1926-ல் காட்ரெல், வில்சன்னு ரெண்டு பேர் லண்டனில் 100 நோயாளிகளைப் பேட்டி எடுத்தாங்க. அறிவுத்திறன் குறையறது ரொம்ப அபூர்வம்னு முடிவு பண்ணினாங்க. 1955-ல் கர்ட்ஸ்கி ஒரு ஊன அளவுகோல் கொண்டு வந்தார், 1983-ல் அதை விரிவாக்கினார். 0-வில் இருந்து 10 வரை போகிற அதில், 4-க்கு மேல பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்க முடியுதுங்கறதுதான் கணக்கு.

ஏன் யாருக்கும் தெரியலை? எம்.எஸ். வந்தவங்களோட பேச்சும் சொல்வளமும் பெரும்பாலும் கெடறதில்லை. புதுசா ஒண்ணைக் கத்துக்கறது, சட்டுனு யோசிக்கறது, ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்கறது, இதுலதான் அடி விழுது. டாக்டர் அறையில் பத்து நிமிஷம் பேசினா இது எப்படித் தெரியும்? எங்க தொழில்ல சொல்ற மாதிரி, லாக் எழுதாத பிழை இருக்கறதாவே யாரும் நம்ப மாட்டாங்க :-)

1981-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இந்த நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தப்போ, சி.டி. ஸ்கேனுக்குத் தெரியாத ஏராளமான புண்கள் தெரிஞ்சுது. 1991-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் குழு 100 நோயாளிகளுக்கும், நோய் இல்லாத 100 பேருக்கும் முறையான சோதனைகள் வச்சாங்க. குறைபாடு தெரிஞ்சது நோயாளிகளில் 48 பேருக்கு, மத்தவங்களில் 5 பேருக்குத்தான். அது உடல் ஊனத்தோட பெருசா ஒத்துப் போகவும் இல்லை. நல்லா நடக்கறவருக்கும் மறதி இருக்கலாம்!

அதே ஆய்வின் ரெண்டாவது பகுதிதான் என்னைப் பாதிச்சுது. குறைபாடு இருந்தவங்க வேலையில் இருக்கறது குறைவு. நாலு பேரோட பழகறதும் குறைவு. வீட்டு வேலைகள்லயே தடுமாற்றம். அதுக்கு முந்தின நூறு வருஷத்துல எத்தனை பேரு சோம்பேறி, அலட்சியம், மனசுதான் சரியில்லைன்னு பேர் வாங்கிட்டுப் போயிருப்பாங்க?

தலாமஸ், ஹிப்போகாம்பஸ் போன்ற மூளைப் பகுதிகள் சுருங்கறதுக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு இருக்குன்னு பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கு. ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்களைப் பொருத்திச் சொல்ற சின்னச் சோதனை ஒண்ணு இப்போ பரவலா இருக்கு. அதுக்கு ஆகற நேரம் 90 விநாடி.

ஷார்க்கோ சொன்னதை அளக்க வேண்டியிருந்தது ஒன்றரை நிமிஷம்தான். அதைக் கேட்கத்தான் ஒரு நூற்றாண்டு ஆச்சு.