பிர்மாண்ட்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தலைநகராகிய சிட்னியில், வர்த்தக மத்தியப் பகுதிக்கு மேற்கே, டார்லிங் ஹார்பர் என்னும் குறுகிய கடற்கழியால் மட்டும் அதனின்று பிரிக்கப்பட்டுத் துறைமுகத்தினுள் நீண்டு கிடக்கும் ஒரு சிறு தீபகற்பத்தின் வடபாகமே பிர்மாண்ட் ஆகும். வடக்கே ஜான்ஸ்டன் குடாவும் மேற்கே பிளாக்வாட்டில் குடாவும் இதற்கு எல்லைகள்; தெற்கே மட்டும் அல்டிமோ என்னும் பகுதியோடு இது நிலத்தொடர்பு கொண்டுள்ளது. நிர்வாகத்தில் சிட்னி மாநகராட்சியைச் சேர்ந்தது. விஸ்தீரணத்தில் மிகச் சிறியதாயினும், ஒரு மகாநகரம் தன் தேவைகளுக்காகத் தன் அருகிலுள்ள நிலத்தை எவ்வெவ்வாறெல்லாம் எடுத்தாளும் என்பதை ஒரே இடத்தில் நின்று கண்டறிய விரும்புவோருக்கு இதனினும் சிறந்த பிரதேசம் தென்பூகோளத்தில் அரிது.

இத்தீபகற்பம் ஹாக்ஸ்பரி மணற்கல் எனப்படும் பாறையால் ஆனது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னே பெரிய நதிகள் கொண்டுவந்து படிய வைத்த மணல் இறுகி உண்டான இந்தப் பாறை, சிட்னியின் நிலம் முழுவதற்கும் அடித்தளமாக இருப்பினும், பிர்மாண்டில் கிடைத்தது தடித்த படலங்களாகவும் வெடிப்புக் குறைந்ததாகவும் அமைந்து, பெரும் பாளங்களாக வெட்டுதற்கு ஏற்றதாயிருந்தது. வடக்கு தெற்காக நடுவே ஓடும் மேட்டின் மீது ஹாரிஸ் தெரு செல்லுகிறது. அம்மேட்டின் இருபுறமும் ஒரு காலத்தில் பாறைகள் படிப்படியாக இறங்கி நீரைத் தொட்டன. இன்று நாம் காணும் உருவமோ இயற்கை தந்த உருவம் அன்று. மேற்குச் சரிவுகள் வெட்டி எடுக்கப்பட்டுச் செங்குத்தான சுவர்களாய் நிற்கின்றன. வளைந்து நெளிந்திருந்த கரையோரம், துறைமேடைகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் தூர்க்கப்பட்டு நேர்க்கோடாகிவிட்டது. எனவே இவ்வூரின் பூகோளத்தை அதன் சரித்திரத்தினின்று பிரித்து எழுதுதல் இயலாத காரியம்.

ஐரோப்பியர் வருமுன் இந்நிலம் காடிகல் என்னும் ஆதிக்குடியினருக்கு உரியதாயிருந்தது. பிர்ரமா என்பது அவர்கள் இதற்கு இட்ட பெயராகப் பதிவு பெற்றுள்ளது. மீனும் சிப்பியும் நிறைந்த குடாக்களை ஒட்டி, பாறை இடுக்குகளில் ஊறும் நன்னீரைப் பருகி அவர்கள் வாழ்ந்தனர். 1788இல் ஆங்கிலேயர் குடியேற்றம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே பரவிய பெரியம்மை அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. நிலத்தின் உரிமையாளரை எவரும் கேளாமலே நிலம் பங்கிடப்பட்ட வரலாறு இதன் பின்னர்த் தொடங்குகிறது. 1795இல் தாமஸ் ஜோன்ஸ் என்னும் சிப்பாய்க்கு இங்கே 55 ஏக்கர் மானியமாகக் கிடைத்தது; மறு ஆண்டில் அவர் அதைப் பத்துப் பவுனுக்கு ஒபடையா இக்கின் என்பவருக்கு விற்றார்; 1799இல் இக்கின் அதனை ஒரு காலன் ரம் சாராயத்துக்கு ஈடாக ஜான் மக்கார்தருக்குக் கொடுத்துவிட்டார். ஆஸ்திரேலிய ஆட்டு ரோம வாணிகத்தின் மூலபுருஷர்களுள் ஒருவராகப் போற்றப்படும் மக்கார்தர், நாணயத்துக்குப் பதிலாகச் சாராயமே செலாவணியாகப் புழங்கிய அக்காலனியின் இராணுவ அதிகாரிகளுள் முதன்மையானவர் என்பதை நினைவு கூர்ந்தால் இவ்விலை நமக்கு விளங்கும். 1806இல் அவர் குடும்பத்தாரோடு இங்கு வனபோஜனத்துக்கு வந்தவர்கள் பாறையினின்று சுரந்த குளிர்ந்த நீரைக் கண்டு மகிழ்ந்து, ஜெர்மனியில் ஆரோக்கிய ஸ்நானத்துக்குப் பெயர் பெற்ற பிர்மாண்ட் ஊற்றின் பெயரை இதற்குச் சூட்டினர்.

அதன்பின் நெடுங்காலம் நிலம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. நகரம் கண்ணெதிரே இருந்தும் நடுவே கடற்கழி குறுக்கிட்டதால், தெற்கே சுற்றிக்கொண்டோ படகேறியோதான் அங்கே போக வேண்டியிருந்தது. மக்கார்தரின் மகன் எட்வர்டு 1839இல் நிலத்தைக் கூறு போட்டு விற்கத் தொடங்கிய பிறகே தெருக்கள் தோன்றின. கப்பல் பழுது பார்ப்போரும் இரும்பு வார்ப்போரும் கரையோரத்தில் பட்டறை அமைத்தனர். 1858இல் சுங்கம் வசூலிக்கும் மரப்பாலம் ஒன்று கழியின் குறுக்கே திறக்கப்பட்டது. அரசாங்கம் அதை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை நீக்கியது 1884இல். பாரம் மிகவே, பெர்சி ஆலன் என்னும் இஞ்சினீயரின் திட்டப்படி புதிய பாலம் கட்டப்பட்டு 1902இல் திறக்கப்பெற்றது. கப்பல் வரும்போது நடுவிலுள்ள எஃகுப் பகுதி முழுவதும் ஒரு தூணின் மேல் மின்சார விசையால் கிடைமட்டமாகத் திரும்பி வழிவிடும் இப்பாலம், அவ்வகைப் பாலங்களுள் உலகிலேயே ஆதியில் அமைந்தவற்றுள் ஒன்று. 1981இல் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது இதை இடித்துவிட எண்ணினர். மக்களின் எதிர்ப்பினால் அது பிழைத்து, இன்று நடப்போர்க்கு உரிய பாலமாக விளங்குகிறது. அதனைக் காப்பாற்றியவர்களுக்கு நகரம் கடமைப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

பிர்மாண்டின் கீர்த்திக்கு முதற்காரணம் அதன் கல்லே. 1853 முதல் சார்லஸ் சாண்டர்ஸ் என்பவரும், அவருக்குப் பின் அவருடைய மகன் இராபர்ட்டும் மேற்குச் சரிவில் நடத்திய கல்குவாரிகள் அந்நூற்றாண்டின் இறுதி வரையில் சிட்னிக்கு வேண்டிய உயர்ந்த மணற்கல்லை வழங்கிவந்தன. அங்கே வேலை செய்த ஸ்காட்லாந்து நாட்டுக் கல்தச்சர்கள், வெட்டுதற்குரிய எளிமையையும் கடுமையையும் கொண்டு மூன்று குவாரிகளுக்குச் சுவர்க்கம், உத்தரிக்கும் ஸ்தலம், நரகக்குழி என்று பெயரிட்டனர் என்பர். வெட்டியெடுத்த பொழுதில் வெளிறிய சாம்பல் நிறங்கொண்டிருக்கும் கல், அதனுள்ளிருக்கும் இரும்புச் சத்துக் காற்றோடு கலந்து ஆக்ஸிகரணம் அடைய அடையத் தேன்போல் மஞ்சளித்து வெயிலில் ஒளி வீசும்; மஞ்சட் பாளம் என்றே கொத்தர்கள் அதனை அழைத்தனர். சிட்னிச் சர்வகலாசாலையின் மூல மண்டபம், தலைமைத் தபால் நிலையம், நகர மண்டபம், நிலப் பதிவிலாகா மாளிகை முதலியவை யாவும் இக்கல்லால் எழுந்தவையே. நீராவி இயந்திரங்கள் வருமுன் கல்லை உளியாலும் ஆப்பாலும் பிளந்தனர். குதிரை வண்டிகளில் பாலத்தின் வழியே நகருக்கு இழுத்துச் சென்றனர். சிட்னிக் கல்தச்சர்களில் ஒரு பகுதியினர் 1855லேயே எட்டு மணி நேர வேலைநாளைப் போராடிப் பெற்றவர்கள்; உலகத் தொழிலாளர் இயக்கத்தில் இது மிகப் பழைய வெற்றிகளுள் ஒன்று. அவர்கள் செதுக்கிய தூண்களை வியக்கும் பிரயாணிகள், அத்தொழிலாளர் சுவாசித்த மணல் தூசி அவர்களுடைய நுரையீரலை அரித்த செய்தியையும் அறிந்திருத்தல் நலம்.

குவாரிகள் ஓயுமுன்னரே சர்க்கரை வந்துவிட்டது. எட்வர்டு நாக்ஸ் 1855இல் நிறுவிய காலனியல் சர்க்கரை சுத்திகரிப்புக் கம்பெனி, சிப்பண்டேலில் இருந்த தன் ஆலையை விட்டு, 1878இல் தீபகற்பத்தின் வடமேற்கு முனையில் புதிய ஆலை திறந்தது. கரும்பாலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்திறங்கிய பழுப்புச் சர்க்கரையை இங்கே நீரில் கரைத்து, எலும்புக் கரியின் ஊடே வடித்து, மீண்டும் காய்ச்சி வெண்சர்க்கரையாக்கினர். பின்னர் அதன் கழிவுப் பாகிலிருந்து சாராயமும், கரும்புச் சக்கையிலிருந்து கட்டடப் பலகையும் இங்கேயே தயாராயின. நீரருகே ஆலையும் மேட்டின் மீது தொழிலாளர் குடியிருப்புமாக, தந்தை வேலை செய்த இடத்திலேயே மகனும் வேலைக்கமரும் ஒரு வாழ்க்கை முறை அங்கே உருவாயிற்று.

இக்கம்பெனியின் கதை பிர்மாண்டோடு முடிவதன்று. தமிழர் மறக்கலாகாத ஒரு பகுதியும் அதில் உண்டு. 1880ஆம் ஆண்டு தொடங்கிப் பிஜித் தீவுகளில் கால் பதித்த இக்கம்பெனி, நாசோரி, லவுத்தோக்கா முதலிய இடங்களில் பேராலைகளை அமைத்து, அத்தீவுகளின் சர்க்கரைத் தொழில் முழுவதையும் நாளடைவில் தன் வசமாக்கிக்கொண்டது. அதன் கரும்பு வயல்களில் உழைத்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகள். 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். 1903க்குப் பின் சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் பெருவாரியாகச் சேர்ந்தனர். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும், குறித்த வேலையை முடிக்கவில்லை என்று சொல்லிக் கூலியைப் பிடித்தலும், சிறிய குற்றத்துக்கும் சிறை வைத்தலும் அங்கே சாதாரணமாயிருந்தன. அத்தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். சிட்னியில் தலைமையிடம் கொண்டு பிர்மாண்டிலே புகைபோக்கிகளை உயர்த்திய ஒரு ஸ்தாபனத்தின் செல்வத்தில் அக்கண்ணீருக்கும் பங்குண்டு. 1920ஆம் ஆண்டின் முதல் நாளில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அங்கேயே தங்கிவிட்ட தென்னிந்தியர் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்துத் தம் மக்களுக்குப் பள்ளிக்கூடங்களை உண்டாக்கினர். கம்பெனி பிஜியை விட்டு வெளியேறியது 1973இல்.

கல்லுக்கும் சர்க்கரைக்கும் அடுத்து ஆட்டு ரோமம். 1880களிலிருந்து ரயில் பாதையை அடுத்து எழுந்த செங்கற் கிடங்குகள் பல அடுக்குகள் உடையவை. மேல்மாடியின் ரம்பப்பல் கூரைகளில் கண்ணாடி தெற்கு நோக்கிப் பதிக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள அந்நாட்டில் தெற்குத் திசை வெளிச்சத்திலே வெயில் நேரே விழாதாகையால், ரோமத்தின் நிறத்தையும் நயத்தையும் வாங்குவோர் பிழையின்றி மதிப்பிட முடிந்தது. 1904இல் மாநகராட்சியின் மின்சார நிலையம் இங்கே இயங்கத் தொடங்கி நகரத் தெருக்களுக்கு விளக்கேற்றியது. அதன் கரிப்புகையும் சாம்பலும் பிர்மாண்ட்வாசிகளின் துணி உலர்த்தும் கொடிகளில் படிந்தன. நகரம் பெற்ற ஒளிக்கு விலை கொடுத்தவர்கள் அடுத்த வீட்டுக்காரரோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நெருங்கி வாழ்ந்த அந்த ஏழைக் குடும்பத்தினரே.

1900ஆம் ஆண்டு சிட்னியில் பிளேக் நோய் தோன்றி நூற்றுவருக்கு மேல் மாண்டனர். நோய் எலிகளின் மூலமாகக் கப்பல்துறைகளிலிருந்து பரவியதென்று கண்ட அரசாங்கம், தனியார் வசமிருந்த துறைமேடைகளைக் கையகப்படுத்தி, 1901இல் துறைமுகப் பொறுப்பாட்சி ஒன்றை நிறுவியது. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்ட ஜோன்ஸ் குடாத் துறைமேடை, மேட்டிலிருந்து வரும் வண்டிகள் நேரே மேல்தளத்துக்கும் கீழ்ச்சாலையில் வருபவை கீழ்த்தளத்துக்கும் செல்லுமாறு இரண்டு அடுக்காக அமைந்தது. போருக்குச் சென்ற துருப்புகள் இத்தீபகற்பத்தின் துறைகளிலிருந்து கப்பலேறின. யூனியன் சதுக்கத்தில் நிற்கும் போர் நினைவுச்சின்னம் அவர்களுள் திரும்பி வாராதவர்க்காக ஊரார் எழுப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே துறைகளில் ஐரோப்பாவின் அகதிகளும் குடியேறிகளும் வந்திறங்கினர். அவர்களுள் பலருடைய பெயர்கள் இப்போது இங்குள்ள தேசியக் கடல்சார் பொருட்காட்சிச்சாலையின் வெண்கலச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தொழில் பெருகப் பெருக ஜனங்கள் குறைந்தனர். கிடங்குக்கும் ரயிலுக்கும் சாலைக்குமாக வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. பிறகு அத்தொழில்களும் போயின: பெட்டிச் சரக்குகளை ஏற்றும் பெருங்கப்பல்கள் வேறு துறைகளை நாடின, ரோம வாணிகம் புறநகருக்கு அகன்றது, மின்சார நிலையம் 1983இல் மூடப்பட்டது, 1990களின் தொடக்கத்தில் சர்க்கரை ஆலையும் அடங்கிற்று. விதிவிலக்காக 1966இல் பிளாக்வாட்டில் குடாக்கரைக்கு வந்து சேர்ந்த மீன் சந்தை மட்டும் விடியற்கால ஏலங்களோடு செழித்து வளர்ந்தது.

1990களில் மத்திய அரசும் மாநில அரசும் கூடி இப்பகுதியைக் குடியிருப்பாக மாற்ற முனைந்தன. ரோமக் கிடங்குகள் வீடுகளாயின. மின்சார நிலையம் நின்ற இடத்தில் சூதாட்ட விடுதி வந்தது. ஆலையின் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. சரக்கு ரயில் சென்ற வெட்டுப்பாதையில் 1997 முதல் டிராம் வண்டி ஓடுகிறது; ஜான்ஸ்டன் குடாவின் மேல் 1995இல் திறக்கப்பட்ட கம்பிவடப் பாலம், 345 மீட்டர் நீளமுள்ள நடு இடைவெளியோடு, இப்போது ஆன்ஸாக் பாலம் என வழங்குகிறது. அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மீண்டும் அகப்பட்ட மஞ்சட் பாளங்களைப் பத்திரப்படுத்தி, பழைய அரசாங்க மாளிகைகளைச் செப்பனிடப் பயன்படுத்தியது அக்காலத்தில் எடுத்த மிக நல்ல முடிவுகளுள் ஒன்று.

இன்று பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் பிர்மாண்ட், ஆஸ்திரேலியாவில் ஜன நெருக்கம் மிகுந்த இடங்களுள் சேர்கிறது. புதிதாக வந்தோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் வாடகை கொடுக்க மாட்டாமல் வெளியேறும் நிலை தொடக்கத்திலேயே தெரிந்தது. இதற்குப் பரிகாரமாக, கட்டடம் எழுப்புவோரிடம் கட்டாயத் தொகை பெற்றுக் குறைந்த வருவாயுள்ளோர்க்கு வாடகை வீடு கட்டித் தரும் சிட்டி வெஸ்ட் வீட்டுவசதி நிறுவனம் 1994இல் தோன்றியது. தேவை பெரிது, கட்டியவை சில நூறே. ஆயினும் அவ்வீடுகளில் சில, பழைய குவாரிகளிலிருந்து சிறிது தூரத்திலேயே, நகரின் பணியாளர்கள் நகரிலேயே குடியிருக்க இடமளித்து வருகின்றன.