பட்டப்பகலில் வந்த ஆவி

ஷேக்ஸ்பியரின் 'ஹம்லற்' நாடகத்தில் கோட்டை மதிலில் நள்ளிரவில் அரசனின் ஆவி தோன்றுகிறது. ஆனால் 1599 இல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கிலே, கூரையற்ற முற்றத்தில் வெளிச்சம் நிறைந்த பிற்பகலில்தான் அந்த நள்ளிரவு நடிக்கப்பட்டது. ஒரு பென்னி கொடுத்து நின்றபடியே பார்த்தவர்களுக்கு ஒளியமைப்பு இல்லை, இருளும் இல்லை. மேடைத் தளத்தில் ஒரு கதவு. அதன் கீழுள்ள அறைக்கு நரகம் என்று பெயர். அவ்வளவுதான்.

அச்சத்தைப் பார்வையாளர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள் எனலாம். சூனியத்தால் உயிர்போக்குவோருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1563 இல் வந்தது. 1584 இல் றெஜினோல்ட் ஸ்கொற், இவையெல்லாம் ஏமாற்று என்று நூலெழுதினார். அவரை மறுத்து 1597 இல் நூலெழுதியவர், பின்னாளில் இங்கிலாந்துக்கும் அரசரான ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ். ஆக, நம்பினோரும் நம்பாதோரும் ஒரே முற்றத்தில் நின்றார்கள்.

மார்லோவின் 'டொக்டர் ஃபௌஸ்டஸ்' பற்றி ஒரு கதை உண்டு. எக்ஸெற்றர் நகரில் அது நடிக்கப்படுகையில், மேடையில் இருக்கவேண்டியதைவிட ஒரு பிசாசு அதிகமாக நிற்பதாக நடிகர்களுக்குத் தோன்றியதாம். நாடகம் நின்றது, சனங்கள் வெளியே ஓடினர், நடிகர்கள் அன்றிரவைப் பிரார்த்தனையில் கழித்தனர். வேடமிட்டவர்களே தம் வேடத்துக்குப் பயந்த காலம் அது.

மேடை ஆவி புதியதல்ல. செனெக்காவின் இலத்தீன் நாடகங்களிலிருந்து வந்தது அது. தொமஸ் கிட்டின் 'ஸ்பானிஷ் ட்ரஜெடி'யில் அந்திரேயாவின் ஆவி மேடையிலேயே அமர்ந்து பழிவாங்கலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஷேக்ஸ்பியருக்கு முந்திய ஒரு ஹம்லற் நாடகத்தின் ஆவி, சிப்பி விற்கும் பெண்ணைப்போலக் கூவுவதாக 1596 இல் தொமஸ் லொட்ஜ் கேலி செய்தார். அலுத்துப்போன உத்தி!

அந்த அலுத்த உத்தியைத்தான் ஷேக்ஸ்பியர் கையிலெடுத்தார். பகலெல்லாம் நெருப்பில் வெந்து பாவம் கழிப்பதாக அவரது ஆவி கூறுகிறது. கத்தோலிக்கர் கூறும் உத்தரிக்கும் ஸ்தலம் அது. இங்கிலாந்துத் திருச்சபையோ அப்படியோர் இடமே இல்லை என அறிவித்திருந்தது. அப்படியானால் வந்தது யார்? தந்தையின் வடிவில் வந்த பிசாசா? அந்த முற்றத்தில் ஐம்பது வயது கடந்தவர்கள், 1558 க்கு முன், மேரி அரசியின் காலத்தில், இறந்தோருக்காகப் பூசைகள் நடந்ததைக் கண்டவர்கள். அவர்களுக்கு இது வெறும் நாடகக் கேள்வியல்ல. தம் பெற்றோரின் ஆன்மா எங்கே என்ற கேள்வி. ஹம்லற் படித்ததோ லூதரின் நகரான விற்றன்பேர்க்கில். இது தற்செயல் என்று நான் கருதவில்லை.

ஹம்லற் தாமதிப்பது அவனது மனப்பலவீனம் என்பார்கள் விமர்சகர்கள் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பிசாசின் சொற்கேட்டு அரசனைக் கொன்றால் தன் ஆன்மாவே நாசமாகும் என அவன் அஞ்சுகிறான். அதனாற்றான் நாடகத்துக்குள் நாடகம் வைத்துச் சோதிக்கிறான். முதலில் காவலர் அனைவருக்கும் தெரிந்த ஆவி, பின்னர் தாயின் அறையில் அவனுக்கு மட்டுமே தெரிகிறது. சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

எலிஸபெத் அரசி 1603 இல் மறைந்தார். அதன் பின்னர் எழுந்த 'மக்பெத்'தை 1611 இல் குளோப்பில் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். விருந்தில் பாங்கோவின் ஆவி வந்து நாற்காலியில் அமர்ந்தது என்றே எழுதுகிறார். ஆவி வேடமிட்ட நடிகர் வந்தார் என்றல்ல.