பீன்யா: ஆலை வாயிலுக்கு உள்ளே ஒரு முறைசாராப் பொருளாதாரம்

'முறைசாராத் துறை' என்னும் கலைச்சொல் கல்விப்புலத்துக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கானாவின் தலைநகர் அக்ராவில் குடியேறியோரின் பிழைப்பு வழிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கீத் ஹார்ட், 1971இல் அக்கருத்தை முன்வைத்தார். கென்யா குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1972இல் வெளியிட்ட அறிக்கை அதைப் பரவலாக்கியது. அதன்பின் நகர்ப்புற வறுமை என்றதும் நடைபாதை வணிகரும் குப்பை பொறுக்குவோரும் நினைவுக்கு வருகின்றனர். ஆலை வாயிலுக்கு உள்ளே இருப்போர் கரையேறியவர்களாகக் கருதப்படுகின்றனர். பெங்களூருவின் வடமேற்கில் உள்ள பீன்யாவின் வரலாறு இப்பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

விடுதலைக்குப் பிந்தைய பெங்களூரு பொதுத்துறையின் நகரம். ஐ.டி.ஐ. 1948இலும் எச்.எம்.டி. 1953இலும் பி.இ.எல். 1954இலும் தொடங்கப்பட்டன. நிரந்தரப் பணி, குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவை அங்குள்ள தொழிலாளரின் அடையாளங்களாயின. பெரும் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரச் சிறு பட்டறைகள் தேவைப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் துமகூரு சாலையை ஒட்டிப் பீன்யா தொழிற்பேட்டையை உருவாக்கியது. 1980 டிசம்பரில் தொடங்கிய பொதுத்துறை வேலைநிறுத்தம் 77 நாள்கள் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் உழைத்ததால் விளைந்த ஆற்றல் அது. பத்துப் பேர் வேலைசெய்யும் பட்டறையில் அத்தகைய ஆற்றல் உருவாவது அரிது.

பெங்களூரு ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த மார்க் ஹோம்ஸ்ட்ரோம், 1976இல் வெளியான தம் நூலில் நிலையான வேலையை மதில் சூழ்ந்த கோட்டையாக உருவகித்தார். 1984இல் வந்த அடுத்த நூலில் அவரே அக்கருத்தைத் திருத்திக்கொண்டார்: உள்ளே இருப்போரையும் வெளியே இருப்போரையும் பிரிப்பது மதில் அன்று, செங்குத்தான சரிவு.

அச்சரிவை அமைப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. மின்விசையால் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 2025 நவம்பர்வரை பொருந்தியது. 20 பேர் இருந்தால் வருங்கால வைப்புநிதி கட்டாயமாகும். ஆகவே சிறிதாகவே இருப்பது இலாபகரமாகிறது. பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்கும், அது லேத் பட்டறைக்கும் 'ஜாப் ஒர்க்' கொடுக்கின்றன. சிறு நிறுவனங்களுக்கான தொகையை 45 நாள்களுக்குள் செலுத்தவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் கூறினாலும், பணம் தாமதமாவது வழக்கம். அத்தாமதத்தின் சுமை சங்கிலியின் கடைக்கண்ணியில் இருப்பவரின் கூலியில் இறங்குகிறது. பட்டறை உரிமையாளரே பல வேளைகளில் முன்னாள் தொழிலாளி என்பதால், முதலாளி, தொழிலாளி என்ற எளிய எதிர்நிலையும் இங்கே போதவில்லை.

பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே பாதுகாப்புக் கிட்டிவிடாது என்பதை 2016 காட்டியது. வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க இயலாது என்று அவ்வாண்டு பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பெங்களூருவின் பல்லாயிரம் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தொழிற்சங்க அழைப்பு ஏதுமின்றிச் சாலைக்கு வந்தனர். ஓசூர் சாலையைப் போலவே பீன்யாவை ஒட்டிய துமகூரு சாலையும் முடங்கியது. 19ஆம் தேதியே அரசு பின்வாங்கியது. அரசின் பார்வையில் வைப்புநிதி முதுமைக்கான சேமிப்பு. அப்பெண்களுக்கோ, ஒரு வேலை போய் மறுவேலை கிடைக்கும்வரை வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுவதற்கான கைப்பணம். சட்டப்படி முறைசார்ந்த ஆலையில் இருந்த அவர்களின் வாழ்க்கை, முறைசாராத் தொழிலாளரின் கணக்கிலேயே நடந்தது.

அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான தேசிய ஆணையம், 2004-05ஆம் ஆண்டுத் தரவுகளின் அடிப்படையில், இந்திய உழைப்பாளரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினரை முறைசாராத் தொழிலாளர் எனக் கணித்தது. முறைசார்ந்த நிறுவனங்களில் சமூகப் பாதுகாப்பின்றி உழைப்போரையும் அது சேர்த்தே எண்ணியது. பீன்யாவுக்கும் அந்த அளவுகோலே பொருத்தமானது. நிறுவனம் பதிவு பெற்றதா என்பதோடு நில்லாமல், வேலை போன மறுநாள் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரியுமா என்றும் கேட்கும்போதுதான் நகர்ப்புற வறுமையின் உண்மையான எல்லை புலப்படும்.